மாடி வீடும் நுரைக் காபியும்

எங்கள் மாடி வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "காபி சாப்பிடறீங்களா?" எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்றெல்லாம் கேட்க மாட்டேன். ஓசூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரர் கோவிந்தப்பனும் அந்தக் கேள்விகளை வாங்கி வாங்கி அலுத்துவிட்டோம். ஓனரம்மா முதலில் சிரித்த முகமாக ஊர்ப் பேரைக் கேட்பாள். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்பாள். பதில் சொன்னதும் சிரிப்பு பொசுக்கென்று போய்விடும். "அவர் வந்ததும் கேட்டுட்டு போன் பண்றேன்" என்பாள். அந்தப் போன் எதுவும் இன்றுவரை வரவில்லை.

அதனால் பாகலூர் ரோட்டுப் பக்கம் சொந்தமாக வீடு கட்டி, மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து, வாடகைக்கு என்று பலகை மாட்டிய அன்றே சொல்லிவிட்டேன். என் கையால் போட்ட காபியை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்குத்தான் சாவி. குடிக்காதவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் வந்த வழியே போகலாம்.

கோவிந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு இந்த வேல? வாடகைக்கு வர்றவன் காபி குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா?" என்றார்.

"உங்களுக்குப் புரியாது. போய் ஷிப்டைப் பாருங்க" என்றேன்.

என் பேர் கெம்பம்மா. ஒயரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான்.

எங்கள் கூடத்துச் சுவரில் நீலக் கோட்டுப் போட்ட தலைவரின் படம் மாட்டியிருக்கிறோம். வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் அதைப் பார்ப்பார்கள். அடுத்த நிமிஷம் நான் காபி என்பேன். எல்லையில் இருக்கிற ஊர் இது, அதனால் மறுப்பும் மூன்று பாஷையில் வரும். தமிழ்க்காரர் "இப்பதாங்க குடிச்சிட்டு வந்தோம்" என்பார். கன்னடத்துக்காரம்மா "பேடம்மா, ஈகஷ்டே குடிதுவி" என்பாள். தெலுங்குக்காரர் "வத்தம்மா, இப்புடே தாகினாம்" என்பார். எந்தப் பாஷைக்காரராக இருந்தாலும் சரியாக என் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்னால்தான் காபி குடித்திருப்பார்கள். சரிங்க என்று நானும் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். குடித்தவர்களும் இருந்தார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். சொந்தமாக ஒரு இடம் கட்டிப் போகும்வரை அவர்கள்தான் மாடியில் இருந்தார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த என் பரீட்சைக்கு வினையாக வந்தது ஒரு மெஷின்.

என் மகள் ஜோதிமணி கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போய் நுரை நுரையாகக் காபி குடித்துவிட்டு வருவாள். அதையே வீட்டில் போடலாம் என்று ஆன்லைனில் மில்க் ஃப்ராதர் ஒன்றை வரவழைத்தாள். நான் அதை நுரை மெஷின் என்றுதான் சொல்வேன். மூடி போட்ட சொம்பு மாதிரி இருக்கும். அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து ஒயர். உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங் வளையம். பாலை ஊற்றிப் பட்டனை அழுத்தினால் அதுவே சூடாக்கி, அதுவே கடைந்து, அதுவே நின்றுவிடும்.

முதல் நாளே எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. உள்ளே பாதிக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. அதுவரைக்கும்தான் பால் ஊற்ற வேண்டுமாம். வந்தவர்களுக்கு யாராவது அரை டம்ளர் காபி கொடுப்பார்களா? நான் கழுத்துவரை ஊற்றிப் பட்டனை அழுத்தினேன். மூடியைத் தள்ளிக்கொண்டு பால் மேடையெல்லாம் வழிந்தது.

"யம்மா, அது ரெண்டு மடங்கா உப்பும்மா. அதுக்குத்தான் கோடு" என்று ஜோதிமணி துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

மறுநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாலை ஊற்றினேன். சிவப்பு விளக்கு எரிந்ததே தவிர மெஷின் சுற்றவில்லை. சில்லென்று இருக்கிற பாலைத்தான் ஊற்ற வேண்டும் என்றாள். காய்ச்சாத பாலை எப்படி ஊற்றுவது என்று நான் சண்டைக்குப் போனேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். ராத்திரியே காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மேலே படிந்த ஏட்டை எடுத்துவிட்டு ஊற்றுவது. ஏடு விழுந்தால் வளையத்தில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் செய்ததும் நுரை கெட்டியாக, வெள்ளையாக வந்தது. கப்பில் டிகாஷனை ஊற்றி அதன்மேல் அந்தப் பாலைச் சரித்தால் நுரை மேலே ஏறி நிற்கும். கோவிந்தப்பன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத குடிக்கறதா, ஸ்பூன்ல எடுத்துச் சாப்புடறதா?" என்று கேட்டார். ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வினை என்று சொன்னேனே, அது இதற்குப் பிறகுதான். மெஷின் வந்ததிலிருந்து ஒருவரும் காபியை மறுக்கவில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டி வீடு பார்க்க வந்தார்கள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் "இப்பதான்" என்று ஆரம்பித்தாள். அதற்குள் ஜோதிமணி சமையலறையில் மெஷினைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அந்தப் பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "இது ஆன்லைன்லயா வாங்கினீங்க? நுரை நல்லா வருதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கப்பை வாங்கி முழுசாகக் குடித்தாள். போட்டோகூட எடுத்துக்கொண்டாள்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எனக்காகக் குடித்தாளா, நுரைக்காகக் குடித்தாளா? கடையில் காபி போடுகிறவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த மெஷின் என் வீட்டைக் கடையாக்கிவிட்டது. சாவி கேட்டு நின்றவர்களிடம், "அவர் வந்ததும் கேட்டுட்டு போன் பண்றேன்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. போன் பண்ணவும் இல்லை. மாடி காலியாகவே கிடந்தது.

அப்போதுதான் ஜோதிமணி ரேவதியைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய செக்‌ஷனுக்குப் புதிதாக வந்த பெண். தூரத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். ராத்திரி ஷிப்ட் போட்டால் முடியாது. ஹாஸ்டல் வேண்டாம், தெரிந்தவர்கள் வீடாக இருந்தால் இரு, இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

"பாவம்மா அவ. நம்ம மேல் வீடு கெடைக்கலன்னா வேலையே போயிடும். நல்லா வேல செய்யற பொண்ணு" என்றாள் ஜோதிமணி.

"எந்த ஊரு?" என்று கேட்டேன். கேட்கவே கூடாது என்று வைத்திருந்த கேள்வி எப்படியோ வந்துவிட்டது.

"பாரூர் பக்கந்தாம்மா. உங்க ஊருதான்னு நெனைக்கறேன். அவங்கப்பா பேரு நாராயணப்பன்."

நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தேன். பாரூர் ஏரிக் கால்வாய் பாய்கிற கரும்புத் தோட்டம் அவர்களுடையது. என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அதில் வேலை செய்தார்கள். என் சித்தப்பா மகன் முனிவேல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். நாராயணப்பன் பெண்டாட்டி செல்வம்மாள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது நான் பாவாடைக்காரி. இதையெல்லாம் ஜோதிமணியிடம் சொன்னேன்.

"யம்மா, அவங்கம்மா சனிக்கிழம வீடு பாக்க வர்றாங்க. வம்பு பண்ணிடாத" என்றாள்.

"நான் இன்னாடி வம்பு பண்ணப் போறேன்? எல்லாருக்கும் இன்னாவோ அதான் அவங்களுக்கும். காபி குடிக்கட்டும். சாவி தரேன்."

சனிக்கிழமை அம்மாவும் மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். யார் வீடு என்று ரேவதி அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை, அவளுக்கே தெரியாது. செல்வம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலை பாதி நரைத்திருந்தது. முகம் அப்படியேதான் இருந்தது.

"நீ மாதம்மா மக கெம்பிதானே?" என்றார்.

"ஆமாங்க்கா. உள்ள வாங்க."

என் அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் உள்ளே வந்தார். சோபா இருந்தும் கதவோரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தும் அதே நாற்காலிதான். வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார். யார் கட்டியது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன்.

நான் இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு, "காபி சாப்பிடறீங்களாக்கா?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ரேவதி, "ஆன்ட்டி, அந்த மெஷின்ல போடுங்க. ஜோதி டெய்லி சொல்லுவா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவருக்காவது வெறும் டம்ளரில் கையால் ஆற்றிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் மெஷினில் பாலை ஊற்றினேன். கோடு வரைக்கும்தான் ஊற்றினேன். நான்கு கப்பில் கலந்து தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன்.

செல்வம்மாள் தட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு கப்பை எடுத்துக் குடித்தார். நன்றாகவே குடித்தார். எனக்கு என்னவோ நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. என் அம்மா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சாவியை எடுக்க இடுப்புக்குக் கை போனது.

செல்வம்மாள் கப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "மெஷினே வேணாம் கெம்பி. எங்கூட்டு காபியில எப்பவும் நொரை நிக்கும். உங்கம்மாவுக்கு நாந்தான ஊத்துவேன்? நல்லா தூக்கி ஊத்துவேன். நீ பக்கத்துல நின்னுகிட்டு அந்த நொரையக் கேட்டு அழுவ. உங்கம்மா உனுக்குத்தான் மொதல்ல குடுப்பா. ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இல்லாமல் போகுமா? வீட்டுப் புழக்கடைப் படியில் அவர் நிற்பார். கீழே அம்மா எங்கள் அலுமினிய டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவ்வளவு உயரத்திலிருந்து காபி நூல் மாதிரி இறங்கி டம்ளரில் விழும், நுரை பொங்கும். புதுசாக வந்த அம்மா எவ்வளவு நல்லவர், நமக்கு நுரையாக ஊற்றுகிறாரே என்று நான் நினைத்துக்கொள்வேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், நம் வீட்டுக் காபியில் ஏன் நுரை வருவதில்லை என்று. அம்மா சாதாரணமாகச் சொன்னாள். கிட்டத்தில் ஊற்றினால் அவர்கள் சொம்பு நம் டம்ளரைத் தொட்டுவிடும் அல்லவா, அதனால்தான் தூக்கி ஊற்றுகிறார்கள் என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. ஊரெல்லாம் சொன்னேனே என்றுதான் அழுகையாக வந்தது.

செல்வம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பொய்யாகச் சிரிக்கவில்லை. எனக்கு நல்லது செய்ததாகவே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நொரைக்காக ஊத்தலக்கா. சொம்பு தொட்டுடப் போவுதுன்னு ஊத்தினீங்க" என்றேன்.

ஜோதிமணி என்னை முறைத்தாள். செல்வம்மாள் கப்பை மெதுவாக ஸ்டூலில் வைத்தார்.

"அந்தக் காலம் அப்படி கெம்பி" என்றார்.

"காலம் ஊத்தலக்கா. நீங்கதான் ஊத்தினீங்க."

என் குரல் ஏறவில்லை. லைனில் சூப்பர்வைசரிடம் கத்துகிற வாய் இது. அன்றைக்கு என்னவோ கத்தத் தோன்றவில்லை.

"நான் அந்த ஊட்டுக்கு வந்த புதுசு. மாமியா சொன்னதச் செஞ்சேன்" என்றார் அவர். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நேரமாவுது. கெளம்பலாம் ரேவதி."

ரேவதி எழுந்திருக்கவில்லை. அவள் கப்பில் காபி அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஊத்தியிருக்கேன் ஆன்ட்டி" என்றாள்.

"ரேவதி" என்றார் செல்வம்மாள்.

"இன்னைக்குக் காலையிலகூட முனிவேலண்ணனுக்கு ஊத்திட்டுத்தான் வந்தேன். படியில நின்னுதான். தாழ ஊத்தினா நொரை வராது, தூக்கி ஊத்துன்னு சின்னதுல அம்மா சொல்லிக் குடுத்தாங்க. ஆனா வீட்டுக்குள்ள எங்க யாருக்கும் அப்படி ஊத்தறதில்ல. அப்பாவுக்குக்கூட ஊத்தினதில்ல. ஏன்னு இப்பதான் தோணுது." அவள் கண் கலங்கியிருந்தது. "நான் யோசிச்சதே இல்ல ஆன்ட்டி."

அந்தக் காலம் என்றாரே, அது இன்றைக்குக் காலைதான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மெஷினுக்குள் இருந்த வளையத்தைக் கழற்றிக் குழாயில் பிடித்தேன். ஏற்கனவே கழுவியதுதான். கை சும்மா இருக்க முடியாமல் திரும்பக் கழுவினேன். முனிவேல் போன பொங்கலுக்கு வந்தபோது இதே சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வேலை எப்படிடா என்றதற்கு, நல்லாத்தான் பார்த்துக்கறாங்க அக்கா, காபியெல்லாம் குடுக்கறாங்க என்றான். அவனுக்கும் வயசு நாற்பது ஆகிறது.

ஜோதிமணி பின்னாலேயே வந்தாள். "யம்மா, அவ சொல்லாமலே இருந்திருந்தா வீடு கெடைச்சிருக்குமில்ல? உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. போங்கள் என்று அனுப்பிவிடத்தான் மனசு சொன்னது. அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும், ஊருக்குப் போய் உட்காருவாள். அனுப்பாவிட்டால் நான் எதை விழுங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது? நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். இரண்டு பேரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா ரேவதி, சாமானெல்லாம் ஞாயித்துக்கிழம கொண்டாந்துடு. வீட்டை நான் தொறந்து உடறேன். சாவி இப்ப தரமாட்டேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தி எறக்க முனிவேலத்தான கூட்டியாருவீங்க? வரட்டும். மெஷின மேல குடுத்து அனுப்பறேன். அவனுக்கு நீதான் காபி போடணும். கப்புல ஊத்தி, கையில குடு. உங்கம்மாவும் இருக்கணும். அதுக்கப்பறம் சாவி வாங்கிக்க."

செல்வம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு போனார். ரேவதி சரி என்று தலையாட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேலைகளைத் தப்புத் தப்பாகச் செய்தேன். கோவிந்தப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவங்க வரமாட்டாங்க. நீ பாட்டுக்கு வீட்டை காலியாவே வெச்சிக்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. முன்னால் டிரைவரோடு அம்மாவும் மகளும். பின்னால் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, அவற்றோடு முனிவேல். நாராயணப்பன் வரவில்லை. நான் மாடியைத் திறந்துவிட்டு, சாவியைத் திரும்ப இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். அவர்கள் முறைப்படி பால் காய்ச்சினார்கள். முனிவேலும் டிரைவரும் கோவிந்தப்பனும் சேர்ந்து பீரோவை மேலே ஏற்றினார்கள். எல்லாம் முடிந்ததும் டிரைவர் வண்டிக்குப் போய்விட்டான். முனிவேல் மாடிப்படி முடிகிற இடத்தில், கதவுக்கு வெளியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வாடா" என்றேன்.

"இல்லக்கா. ஒடம்பெல்லாம் அழுக்கு" என்றான்.

உள்ளே மெஷின் சுற்றி நின்றது. ரேவதி கப்பைக் கொண்டுவந்தாள். நுரை விளிம்புவரை நின்றது. அதை அவனிடம் நீட்டினாள்.

அவன் கையை நீட்டவில்லை. கைப்பிடிச் சுவரைக் காட்டி, "அங்க வெச்சிடு பாப்பா. எடுத்துக்கறேன்" என்றான்.

ரேவதி வைக்கவில்லை. நீட்டிய கையோடு நின்றாள். கப்பு சுட்டது போலிருக்கிறது, மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். முனிவேல் என்னைப் பார்த்தான். வாங்குடா என்று கத்த எனக்கு வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் அதட்டி அவன் வாங்கினால் அதில் என்ன இருக்கிறது? பிறகு அவன் கதவோரம் நின்ற செல்வம்மாளைப் பார்த்தான். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்க முனிவேலு. ஆறிடப் போவுது" என்றார் செல்வம்மாள்.

அதற்கப்புறம்தான் வாங்கினான். இரண்டு கையாலும் வாங்கினான். இன்னொருத்தர் வாயைப் பார்த்துவிட்டுத்தானே வாங்கினான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை செய்தும் சொல்ல வேண்டியவர் அவராகவே இருந்தார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

முனிவேல் ஒரு வாய் குடித்தான். கப்பை இறக்கிப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான். பிறகு, "சக்கர கம்மியா இருக்குது பாப்பா" என்றான்.

அந்த வீட்டுக் காபியை அவன் எத்தனை வருஷமாகக் குடித்திருப்பான். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை என்று பிற்பாடு அவனே என்னிடம் சொன்னான். அன்றைக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை என்றான். ரேவதி அவன் வாய் வைத்த கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சர்க்கரை போட்டு ஸ்பூனால் கலக்குகிற சத்தம் கேட்டது. செல்வம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரேவதி திரும்பி வந்து கப்பை நீட்டினாள்.

இந்தத் தடவை முனிவேல் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டான். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ரேவதியிடம் கொடுத்தேன்.